மாதிரி ரயில்கள்: அனலாக் கட்டுப்பாட்டிலிருந்து டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு

மாதிரி ரயில் என்பது உண்மையான ரயிலை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, தண்டவாளத்தில் ஓடும்படி செய்யப்படும் சிறு வடிவம் ஆகும். குழந்தைகளின் பொம்மையாகத் தொடங்கிய இது, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரியவர்களின் பொழுதுபோக்காகவும் இருந்து வருகிறது. இந்த ரயில்களை ஓட்டும் முறை 1960களுக்கும் 1990களுக்கும் இடையில் அடிப்படையிலேயே மாறியது. அதற்கு முன்பு ஓட்டுபவர் தண்டவாளத்துக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ரயிலை ஓட்டினார். பின்பு எஞ்சினுக்குள் அமர்ந்திருக்கும் ஒரு சில்லுக்குக் கட்டளை அனுப்பி ஓட்டினார். முன்னது அனலாக் கட்டுப்பாடு, பின்னது டிஜிட்டல் கட்டுப்பாடு எனப்படுகிறது.

புதிய எஞ்சின் வாங்குபவருக்கு இம்மாற்றம் எளிது. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த எஞ்சின்களை வைத்திருப்பவர் அவை அனைத்தையும் திறந்து, உள்ளே மின்சாரம் செல்லும் வழியையே மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் சிறியதாக இருக்க இருக்க வேலை கடினமானது. அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது: இத்தனை சிரமப்பட்டு மாற்றியபின், அந்தச் சில்லைச் செய்த நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்டால் எஞ்சின் யார் பேச்சைக் கேட்கும்? டிஜிட்டல் கட்டுப்பாடு பரவ முப்பது ஆண்டுகள் ஆனதற்கு இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இருந்ததே முதன்மையான காரணம் எனலாம்.

தண்டவாளத்தை ஆண்ட காலம்

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கப்பட்ட மெர்க்லின் நிறுவனம் முதலில் பொம்மை வீடுகளுக்கான தகரச் சமையல் சாமான்களைச் செய்து விற்றது. 1891இல் லைப்சிக் வணிகச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. தண்டவாள இடைவெளிகளுக்கு எண் கொடுத்து வரையறுத்ததும் அதே நிறுவனம்தான். இதனால் ஒரு முறை ரயில் வாங்கியவர் பிறகு கூடுதல் தண்டவாளமும் பெட்டியும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போக முடிந்தது.

மேசைமேல் வைத்து ஓட்டக்கூடிய சிறிய மின்சார ரயில்கள் 1930களில் வந்தன. 1935இல் மெர்க்லினும் நூரம்பர்க் நகரத்து ட்ரிக்ஸ் நிறுவனமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் 16.5 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தன. இவற்றில் ட்ரிக்ஸின் அமைப்பு இந்த வரலாற்றில் தனி இடம் பெறுவது. அதன் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று மின்காப்புச் செய்யப்பட்டவை. நடுக்கம்பி இரண்டு எஞ்சின்களுக்கும் பொது. ஓர் எஞ்சின் இடக்கம்பியிலிருந்தும் மற்றொன்று வலக்கம்பியிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். ஆகவே ஒரே பாதையில் இரண்டு ரயில்களைத் தனித்தனி வேகத்தில் ஓட்ட முடிந்தது. பிரிட்டனில் இது 'ட்ரிக்ஸ் ட்வின்', அதாவது இரட்டை, என்ற பெயரில் விற்கப்பட்டது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் தனித்தனியே இயங்க வேண்டும் என்ற ஆசை சில்லுகளுக்கு வெகு காலம் முன்பே இருந்ததற்கு இதுவே சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும்பாலான நாடுகளில் இரண்டு கம்பித் தண்டவாளமும் 12 வோல்ட் நேர்மின்னோட்டமும் வழக்கமாயின. மெர்க்லின் மட்டும் மாறுதிசை மின்னோட்டத்தையும் மூன்றாவது கடத்தியையும் விடவில்லை. நேர்மின்னோட்ட முறை மிக எளியது. குமிழைத் திருப்பினால் மின்னழுத்தம் கூடும், ரயில் வேகமெடுக்கும். நேர்முனையையும் எதிர்முனையையும் இடம் மாற்றினால் ரயில் பின்னோக்கி ஓடும். எஞ்சினுக்குள் ஒரு மோட்டாரைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

குறை என்னவென்றால், தண்டவாளத்தில் உள்ள எல்லா எஞ்சின்களும் ஒரே மின்சாரத்தைக் குடிக்கும். இரண்டு எஞ்சின்களை நிறுத்தினால் இரண்டும் ஒன்றாகப் புறப்படும். இதைத் தவிர்க்கத் தண்டவாளத்தைப் பல பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, எந்தப் பகுதி எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு சேர வேண்டும் என்பதை ஓட்டுபவர் தீர்மானித்தார். ரயில் போகப் போக, அதற்கு முன்னால் உள்ள பகுதியின் சுவிட்சைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். மறந்தால் ரயில் நின்றுவிடும். தவறான சுவிட்சைத் தட்டினால் வேறொருவரின் ரயில் ஓடத் தொடங்கிவிடும். பெரிய அமைப்புகளின் பலகைக்கு அடியில் கம்பிகள் கற்றை கற்றையாகத் தொங்கின. ரயில் நின்றால் அதன் விளக்கும் அணைந்தது.

இந்தக் கம்பிக் காட்டிலிருந்து எதிர்பாராத ஒரு கிளையும் முளைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1940களின் பிற்பகுதியில் தோன்றிய மாதிரி ரயில் மன்றம், பகுதிகளை மாற்றும் வேலையைத் தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டு தானியங்கியாக்கியது. ரிலேக்களோடு மல்லுக்கட்டிய அந்த மாணவர்கள்தான் பின்னர் கழகத்துக்கு வந்த கணினிகளின் முன் இரவெல்லாம் அமர்ந்தனர். 1962இல் பிடிபி-1 கணினியில் உருவான 'ஸ்பேஸ்வார்' விளையாட்டுக்கு முதல் கைப்பெட்டிகளைச் செய்தவர்கள் மன்றத்தைச் சேர்ந்த ஆலன் கோட்டாக்கும் பாப் சாண்டர்சும். 'ஹேக்கர்' என்ற சொல்லின் கணினி வழிப் பொருளும் அந்த மன்றத்தின் பேச்சுவழக்கிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. ரயிலை ஓட்டக் கணினி வந்தது தெரிந்த கதை. கணினிக்கு ரயில் ஆட்களைத் தந்தது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

சிறிய அளவுகளின் வருகை

நூரம்பர்க்கின் அர்னால்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 'ராப்பிடோ' என்ற பெயரில் 9 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாள ரயில்களை வெளியிட்டது. ஒன்பதைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'என்' எழுத்தில் தொடங்குவதால் இது 'என்' அளவு என்று பெயர் பெற்றது. இதன் விகிதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160. பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. அர்னால்டின் கொக்கியை மற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டதால் ஒரு நிறுவனத்தின் எஞ்சின் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை இழுத்தது. 1972இல் மெர்க்லின் இன்னும் கீழே இறங்கி, 1:220 விகிதத்தில் 6.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட 'இசட்' அளவை அறிமுகப்படுத்தியது.

இந்த அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 18 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள டீசல் எஞ்சின், 1:160 விகிதத்தில் 11 சென்டிமீட்டர் நீளமும் 19 மில்லிமீட்டர் அகலமும் உடையதாகும். மேல்கூட்டின் கனத்தைக் கழித்தால் உள்ளே இன்னும் குறைவு. அந்த இடத்தையும் மோட்டாரும் பல்சக்கரங்களும் கனமான உலோகச் சட்டமும் அடைத்துக்கொண்டிருக்கும். சட்டம் வெறும் தாங்கி அன்று. எஞ்சினுக்கு எடை வேண்டும். எடை இல்லையேல் சக்கரம் வழுக்கும், தண்டவாளத்தோடு மின்தொடர்பும் சரியாக இராது. ஆகவே காலியிடம் என்று ஒன்றை எந்த வடிவமைப்பாளரும் விட்டுவைக்கவில்லை.

கட்டளை அனுப்பும் முயற்சிகள்

தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கட்டும், எந்த எஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்ற செய்தியை அதே தண்டவாளத்தின் வழியே தனியே அனுப்பலாம் என்பதே புதிய எண்ணம். 1960களின் முற்பாதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஆஸ்ட்ராக்' என்ற அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டலாம். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு வாங்கி இருக்கும். வானொலிப் பெட்டி ஒரு நிலையத்துக்கு மட்டும் இசைவிக்கப்படுவதுபோல அது ஒரே ஓர் அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்டிருக்கும். எண்ணம் சரி. ஆனால் விலை அதிகம், வாங்கியின் உருவமும் பெரிது. 'என்' அளவு எஞ்சின்களில் அதை வைக்க வழியே இல்லை.

1979இல் பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 'ஜீரோ 1' அமைப்பை அறிமுகப்படுத்தியது. பல ரயில் ஆர்வலர்கள் தம் எஞ்சினைத் தாமே திறந்து டிஜிட்டலுக்கு மாற்றிய முதல் அனுபவம் இதுதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 4-பிட் சில்லு அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்தது. பதினாறு எஞ்சின்களுக்கு எண் கொடுத்து ஓட்டலாம்; 99 பாதை மாற்றிகளையும் துணைக்கருவிகளையும் இயக்கலாம். எஞ்சினுக்குரிய மின்சுற்றுத் தகட்டை வாங்கி, வீட்டு மேசையில் சால்டரிங் கோலோடு அமர்ந்து பொருத்த வேண்டும். 1980களின் நடுவில் இந்த அமைப்பு சந்தையிலிருந்து மறைந்தது. அதன் தகடுகள் வேறு எந்தப் பெட்டியின் கட்டளையையும் புரிந்துகொள்ளாதவை. பெட்டி பழுதானால் மாற்றப்பட்ட எஞ்சின்கள் அத்தனையும் ஊமையாயின. பலர் தகடுகளைப் பிடுங்கிவிட்டு அனலாக் முறைக்கே திரும்பினர்.

மெர்க்லின் 1980களின் நடுவில் தன் டிஜிட்டல் அமைப்பை வெளியிட்டது. தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக மோட்டரோலா ஏற்கெனவே செய்து வந்த சில்லுகளை அது பயன்படுத்திக்கொண்டது. அவை இரும எண்களில் அல்லாமல் மூன்று நிலைகள் கொண்ட எண்களில் முகவரியைக் குறித்தன. நான்கு இடங்கள், இடத்துக்கு மூன்று நிலைகள் என 81 சேர்க்கைகள். அவற்றில் 80 எஞ்சின்களின் முகவரிகளாயின. தயாராகக் கிடைத்த சில்லைக் கொண்டு விலையைக் குறைத்தது புத்திசாலித்தனமான செயல். இருந்தாலும் அது மெர்க்லினின் மூன்று கடத்தி உலகத்துக்கே முதன்மையாகப் பொருந்தியது.

இரண்டு கம்பித் தண்டவாளங்களுக்கான விடை கீசன் நகரில் இருந்த பெர்ன்ட் லென்ஸ் என்ற பொறியாளரிடமிருந்து வந்தது. அவருடைய நிறுவனம் 1980களின் இறுதியில் மெர்க்லினுக்காக இரண்டு கம்பி நேர்மின்னோட்ட எஞ்சின்களுக்கான டிஜிட்டல் அமைப்பையும், அர்னால்டுக்காக 'என்' அளவுக்கான அமைப்பையும் உருவாக்கியது. 9 மில்லிமீட்டர் ரயிலுக்குள் சில்லு நுழைந்தது இவ்வாறே.

பொதுமொழி

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1935இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்டது. சக்கரத்தின் விளிம்பு, தண்டவாள இடைவெளி போன்றவற்றுக்கு அளவு விதித்து, பல நிறுவனங்களின் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதே அதன் முதன்மையான பணி. 1990களின் தொடக்கத்தில் அது கட்டளை முறைகளையும் ஆராய்ந்தது. சந்தையில் இருந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, லென்ஸின் முறையை அடித்தளமாகத் தேர்ந்தெடுத்து விரிவாக்கியது. வரைவு 1993 அக்டோபரில் 'மாடல் ரயில்ரோடர்' இதழில் வெளியானது. 1994இல் நியமம் ஆனது. இதுவே இன்று டிசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு.

தண்டவாளத்தில் என்ன போக வேண்டும் என்பதை மட்டுமே நியமம் சொன்னது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கைக்கருவிக்கும் இடையில் என்ன மொழி என்பதை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. இந்த எல்லைக்கோடு சரியான இடத்தில் போடப்பட்டது என்றே சொல்ல வேண்டும். போட்டி பெட்டியில் இருந்தது. எஞ்சின் பொதுவில் இருந்தது. எந்த நிறுவனத்தின் டிகோடரை எஞ்சினில் வைத்தாலும் எந்த நிறுவனத்தின் பெட்டியும் அதை ஓட்டும். அர்னால்ட் நிறுவனம் 1995இல் நொடித்து, இத்தாலியின் ரிவரோசிக்குக் கைமாறி, பின்னர் ஹார்ன்பியிடம் சேர்ந்தது. ஆனால் அதன் டிஜிட்டல் ரயில்களிலிருந்து வளர்ந்த மொழி அந்த நிறுவனத்தோடு அழியவில்லை. ஜீரோ 1 வைத்திருந்தவர்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

மொழி எளிமையானது. தண்டவாளத்தின் இரு கம்பிகளிலும் மின்முனைகள் இடைவிடாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் இடைவெளி 58 மைக்ரோ நொடி என்றால் அது 'ஒன்று'. 100 மைக்ரோ நொடி அல்லது அதற்கு மேல் என்றால் 'சுழியம்'. எஞ்சினை ஓட்டும் ஆற்றலும் அதற்கான செய்தியும் ஒரே அலையில் பயணிக்கின்றன. ஒரு கட்டளை தொடங்குமுன் தொடர்ச்சியாகப் பல 'ஒன்று'கள் வரும். கவனி என்று கைதட்டுவது போன்றது அது. பிறகு எஞ்சினின் முகவரி, வேகமும் திசையும், இறுதியில் பிழை கண்டறியும் எட்டு பிட்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் டிகோடர் அந்தக் கட்டளையைத் தள்ளிவிடும். அதனால் கேடில்லை, பெட்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எஞ்சினைத் திறத்தல்

பொதுமொழி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. 'என்' அளவு எஞ்சின் ஒன்றை மாற்றுபவர் முதலில் எதிர்கொண்டது அதன் சட்டத்தைத்தான்.

1980, 90களின் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சட்டம் நீளவாக்கில் இரண்டு பாதிகளாக இருக்கும். இடப்பாதி இடத் தண்டவாளத்தோடும் வலப்பாதி வலத் தண்டவாளத்தோடும் தொடர்புடையவை. நடுவில் மோட்டார். அதன் பிரஷ்கள் இரு பாதிகளையும் நேரடியாகவோ செப்புத் தகட்டின் மூலமாகவோ தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு கம்பிகூட இல்லாமல் மின்சாரம் சட்டத்தின் வழியே மோட்டாருக்குப் போய்விடும். அனலாக் முறையில் இது அழகான தீர்வு. டிஜிட்டலுக்கு மாறும்போது இதுவே முதல் பகை. டிகோடர் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார வேண்டும். தண்டவாளத்தின் மின்சாரம் வேறெந்த வழியிலும் மோட்டாரைத் தொடக் கூடாது. ஒரு பிரஷ் எங்காவது சட்டத்தை உரசினாலும் மின்சாரம் கொடுத்த கணத்தில் டிகோடர் கருகிவிடும்.

ஆகவே வேலை இப்படி நடந்தது. மேல்கூட்டைக் கழற்றி, சட்டத்தின் திருகுகளை எடுத்து, இரு பாதிகளையும் பிரித்து, மோட்டாரை வெளியே எடுப்பார்கள். பிரஷ் தொடும் இடங்களில் வெப்பம் தாங்கும் மெல்லிய மின்காப்பு நாடாவை ஒட்டுவார்கள். டிகோடருக்கு இடம் வேண்டுமே. சட்டத்தின் மேற்பகுதியை அரத்தால் ராவியோ கடைசல் எந்திரத்தில் கொடுத்தோ சீவி எடுப்பார்கள். எடுக்கும் ஒவ்வொரு கிராமும் எஞ்சினின் இழுவைத் திறனிலிருந்து போகிறது என்பது தெரிந்தே செய்வது அது. பழைய ஐரோப்பிய எஞ்சின்களில் வானொலி, தொலைக்காட்சி இரைச்சலைத் தடுக்க மோட்டாரின் குறுக்கே ஒரு மின்தேக்கி இருக்கும். அதையும் நீக்க வேண்டும். நீராவி எஞ்சினில் கொதிகலனுக்குள் இடமே இராது. பின்னால் வரும் நிலக்கரி வண்டியில் டிகோடரை வைத்து, முடி போன்ற கம்பிகளை எஞ்சினுக்கு இழுப்பார்கள். வளைவில் திரும்பும்போது அந்தக் கம்பிகள் எஞ்சினைத் தடம்புரளச் செய்யாதபடி நீளம் விட வேண்டும்.

கம்பிகளின் நிறமும் பொதுவாக்கப்பட்டிருந்தது. சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம்; ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு; வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொது. எந்த நாட்டு டிகோடர் ஆனாலும் நிறம் பார்த்துப் பொருத்தலாம். ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றிக் கொடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, எஞ்சின் பின்னோக்கி ஓடும். சிவப்பையும் ஆரஞ்சையும் மாற்றிக் கொடுத்தால் இன்னொரு டிகோடர் வாங்க வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் பல்மானியை எடுத்துச் சக்கரத்துக்கும் மோட்டார் முனைக்கும் இடையில் தொடர்பு ஏதும் இல்லை என்று உறுதிசெய்வார்கள். அதன் பிறகும் எஞ்சின் நேரே ஓடும் பாதைக்குப் போகாது. 'நிரல் பாதை' எனப்படும் தனித் தண்டவாளத் துண்டில் வைக்கப்படும். அங்கே மின்னோட்டம் மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். எங்காவது தவறு இருந்தாலும் டிகோடர் தப்பிக்கும். அந்தப் பாதையில் பெட்டி கேள்வி கேட்கும். எஞ்சின் பதில் சொல்ல வேண்டும். பேச வாயில்லாத எஞ்சின் எப்படிப் பதில் சொல்லும்? ஏறத்தாழ 6 மில்லி நொடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுத்துக் காட்டும். பெரும்பாலும் மோட்டாரையே ஒரு கணம் தட்டி அதைச் செய்வதால் எஞ்சின் தலையசைப்பதுபோல் ஒரு சிறு துள்ளல் துள்ளும். மணிக்கணக்கில் குனிந்து வேலை செய்தவர் காத்திருப்பது அந்தத் துள்ளலுக்காகத்தான்.

ஆலையிலிருந்து வரும் எல்லா டிகோடர்களின் முகவரியும் வழக்கமாக 3. ஆகவே முதல் வேலை பெயர் வைப்பது. முகவரி டிகோடரின் முதல் நினைவிடத்தில் எழுதப்படும். இரண்டாவது இடத்தில் மோட்டார் அசையத் தேவையான தொடக்க மின்னழுத்தம், மூன்றிலும் நான்கிலும் வேகமெடுக்கும் விதமும் வேகம் குறையும் விதமும். உண்மையான சரக்கு ரயில் மெல்ல நகர்ந்து வேகம் பிடிப்பதை ஓர் எண்ணை மாற்றியே கொண்டுவந்துவிடலாம்.

பின்னர் உற்பத்தியாளர்களே இறங்கி வந்தனர். ஐரோப்பிய நியமங்களின்படி சிறிய எஞ்சின்களுக்கு ஆறு ஊசிச் செருகியும் பெரியவற்றுக்கு எட்டு ஊசிச் செருகியும் வந்தன. பின்னர் பதினெட்டு முனைகள் கொண்ட சிறு செருகியும் வந்தது. எஞ்சினில் முதலிலேயே இருக்கும் விளக்குத் தகட்டை உருவிவிட்டு, அதே வடிவில் செய்த டிகோடர் தகட்டைச் செருகும் முறை 'என்' அளவில் பெரிதும் பரவியது. சட்டத்தைச் சீவும் தலைமுறையின் வேலை ஐந்து நிமிட வேலையாயிற்று. ஆனால் பழைய எஞ்சின்களுக்குச் செருகி முளைக்கப் போவதில்லை. அவற்றுக்கு இன்றும் அரமும் நாடாவும்தான்.

பலகைக்கு அடியில்

எஞ்சினை மாற்றினால் போதும், தண்டவாளத்துக்கு இரண்டே கம்பிகள் போதும் என்ற நம்பிக்கை தொடக்கத்தில் பரவியிருந்தது. சிறிய வட்டப் பாதைக்கு அது உண்மை. பெரிய அமைப்புகளில் அப்படி அன்று.

அனலாக் பெட்டி தரக்கூடிய மின்னோட்டம் பெரும்பாலும் ஓர் ஆம்பியர் அளவு. டிஜிட்டல் அமைப்பில் எல்லா எஞ்சின்களுக்கும் சேர்த்து ஒரே மூலத்திலிருந்து மூன்று முதல் ஐந்து ஆம்பியர் வரை கிடைக்கும். தடம்புரண்ட பெட்டியின் சக்கரம் இரு கம்பிகளையும் இணைத்துவிட்டால், பாதுகாப்புச் சுற்று உடனே துண்டிக்காவிடில் அந்த வெப்பம் 'என்' அளவு ரயிலின் பிளாஸ்டிக் பாகங்களை உருக்கப் போதும். மெல்லிய தண்டவாளம் நீண்ட தூரத்துக்கு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால், பாதுகாப்புச் சுற்றுக்கு அந்தக் குறுக்குச்சுற்று தெரியாமலே போகலாம். இதற்காகத் தடித்த கம்பிகளைப் பலகைக்கு அடியில் ஓட்டி, சிறிது தூரத்துக்கு ஒரு முறை தண்டவாளத்தோடு இணைக்க வேண்டியிருந்தது. சரியாகச் செய்தோமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. கையில் ஒரு நாணயத்தோடு பாதை முழுவதும் நடந்து, ஆங்காங்கே தண்டவாளத்தின் குறுக்கே அதை வைத்துப் பார்க்க வேண்டும். வைத்த ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம் அக்கணமே நின்றால் கம்பிவேலை சரி.

பாதை மாற்றிகளும் தொல்லை தந்தன. அனலாக் ரயிலில் சக்கரத்தின் பின்புறம் எதிர்முனைக் கம்பியை ஒரு கணம் உரசினால் விளக்கு மினுங்குவதோடு போகும். டிஜிட்டலில் அந்த ஒரு கண உரசலை மின்னணுப் பாதுகாப்பு கண்டுகொண்டு, ஓடும் அத்தனை ரயில்களையும் நிறுத்திவிடும். முப்பது ஆண்டுகள் குறையின்றி ஓடிய பாதையில் மறைந்திருந்த குறைகள் இப்படித்தான் வெளிவந்தன.

டிகோடர் கோப்புகளும் நீதிமன்றமும்

நினைவிடங்களை எண்ணாகவே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது சலிப்பான வேலை. இதைக் கணினித் திரையில் செய்ய, கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் பாப் ஜேக்கப்சனும் தன்னார்வலர்களும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூல மென்பொருளை உருவாக்கினர். அதன் ஒரு பகுதியான 'டிகோடர் புரோ', ஒவ்வொரு நிறுவன டிகோடரின் நினைவிடங்களையும் விவரிக்கும் கோப்புகளைக் கொண்டது. பல ஊர்களில் இருந்த ரயில் ஆர்வலர்கள் தம் கையில் இருந்த டிகோடரைப் பார்த்து எழுதிச் சேர்த்த கோப்புகள் அவை.

மாதிரி ரயில் மென்பொருள் விற்பனை செய்த மேத்யூ காட்சர் தம் காப்புரிமையை ஜேஎம்ஆர்ஐ மீறுவதாகக் கூறி ஜேக்கப்சனிடம் உரிமத்தொகை கேட்டார். ஜேக்கப்சன் 2006இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கையில், டிகோடர் கோப்புகள் ஆசிரியர் பெயரும் உரிமக் குறிப்பும் நீக்கப்பட்டுக் காட்சர் தரப்பின் பொருளில் பயன்படுத்தப்பட்டது முதன்மையான சிக்கலாயிற்று. இலவசமாகக் கொடுத்த ஒன்றின் நிபந்தனைகளை மீறினால் அது வெறும் ஒப்பந்த மீறலா, பதிப்புரிமை மீறலா என்பதே கேள்வி. கீழ் நீதிமன்றம் முன்னதுபோலக் கருதித் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏற்காமல், பணம் வாங்காத உரிமத்தின் நிபந்தனைகளையும் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே காக்க முடியும் என்று கூறியது. 2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஜேக்கப்சன் தரப்புக்கு 1,00,000 டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்று திறமூல உரிமங்களைப் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் கட்டாயம் சந்திக்கும் வழக்கு இது. அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோப்புகள் பொம்மை ரயிலின் விளக்கையும் வேகத்தையும் பற்றியவை என்பது நினைவிருக்கும் என்பது வேறு.

மாறாதவர்கள்

'என்' அளவு மிகப் பரவலாக உள்ள ஜப்பானில் டிஜிட்டல் முறை சிறுபான்மையாகவே இருக்கிறது. அங்கு 1965இல் கடோ நிறுவனத்தின் சி50 நீராவி எஞ்சினோடு இந்த அளவு தொடங்கியது. வீடுகள் சிறியவை, பலர் நிலையான அமைப்பு வைத்திருப்பதில்லை. சொடுக்கி இணைக்கும் தண்டவாளங்களைத் தரையில் விரித்து ஓட்டிவிட்டு, மாலையில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துப் பெரிய அமைப்பில் தம் ரயிலை ஓட்டும் கடைகளும் உண்டு. அவை பெரும்பாலும் அனலாக் முறையிலேயே இயங்குகின்றன. ஒருவர் ஒரு பாதையில் ஒரு ரயிலை ஓட்டும்வரை பழைய முறையில் குறை ஒன்றும் இல்லை. பல எஞ்சின்களை ஒரே நிலையத்தில் நிறுத்தி, கோத்து, பிரித்து, பலர் கூடி ஓட்டும் அமெரிக்க, ஐரோப்பிய வழக்கத்துக்குத்தான் டிஜிட்டல் தவிர்க்க முடியாததாயிற்று.

மாற்றப்படாத எஞ்சினையும் டிஜிட்டல் தண்டவாளத்தில் ஓட்ட நியமத்தில் ஒரு வழி வைக்கப்பட்டிருந்தது. 'சுழியம்' அலையின் ஒரு பாதியை மட்டும் நீட்டினால் சராசரியில் ஒரு நேர்மின்னோட்டம் எஞ்சும். அதில் பழைய மோட்டார் ஓடும். இதற்கு முகவரி எண் 0. ஓர் எஞ்சினை மட்டுமே இப்படி ஓட்டலாம். நிற்கும்போதும் மோட்டாருக்குள் மின்சாரம் முன்னும் பின்னும் பாய்ந்துகொண்டிருப்பதால் எஞ்சின் ரீங்காரம் செய்யும், சூடாகும். இரும்பு உள்ளகம் இல்லாத நுண்ணிய மோட்டார்கள் விரைவில் கெட்டுவிடும். இப்போது விற்கப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி விடப்பட்டுவிட்டது.